வேலு அங்கிள் எங்களுக்காக எடுத்துவைத்த அழுக்கு

போன வாரம் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கடையொன்றில், தரை துடைக்கும் திரவங்கள் அடுக்கியிருக்கும் வரிசையில் நின்று ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெம்பனிஸில் புது வீட்டுச் சாவி கிடைத்திருந்தது. எலுமிச்சை வாசனைதான் வேண்டும் என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். எலுமிச்சைக்குப் பக்கத்தில் பச்சை பாட்டில், பைன் மர வாசனை. திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டிலுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு தனியாகச் சிரிக்கிறவனைக் கடைக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பச்சையில் இரண்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எலுமிச்சை மறந்துபோயிற்று. அந்தச் சண்டை தனிக் கதை.

பைன் என்றால் மற்றவர்களுக்கு மலையும் குளிரும் நினைவுக்கு வருமாம். எனக்கு முதலில் அம்மா, அடுத்து கன்னியாஸ்திரிகள். அம்மா ஷென்டன் வேயில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தாள். அவள் வீட்டுக்கு வருவதற்கு முன் அந்த வாசனை வந்துவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புவரை போய்ப் பார்த்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் ஒப்பந்தத் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அம்மா எங்கள் அடுக்குமாடி புளோக் முழுவதும் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தப் பள்ளியில் என்னைத் தவிர இருந்த ஆண்கள் வாட்ச்மேனும் தோட்டக்காரரும்தான். எங்கள் மூவருக்கும் பொதுவாக ஒரு கழிவறை, மண்டபத்தைத் தாண்டி, மாதா கெபியைத் தாண்டி, செம்பருத்திப் புதருக்குப் பின்னால். மணியடித்த பிறகு அங்கே போனால் அடுத்த வகுப்புக்குப் பாதியில்தான் திரும்ப முடியும். இதையெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. முதல் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் சிஸ்டர் ஆக்னஸ், சமூகநீதி மற்றும் தொண்டு மன்றத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். எல்லோரும் தங்கள் பேனாவைக் குனிந்து பார்த்தார்கள். நான் மட்டும் மரியாதையாக நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்தவன் செய்யக்கூடாத வேலை அது.

மன்றத்தின் அறையில் உலக வறுமை பற்றிய படங்கள் சுவர் நிறைய ஒட்டியிருக்கும். சனிக்கிழமைகளில் செய்வதோ எளிய வேலை. ஓரறை வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டைக் கூட்டித் துடைத்துக் கொடுப்பது. அம்மாவிடம் சொன்னேன்.

"நான் மாப்பு புடிச்சு உன்னப் படிக்க வெச்சேன். நீ படிச்சிட்டு மாப்பு புடிக்கப் போறியா?" என்றாள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், எனக்கென்று ஒரு நல்ல மாப்பைத் தேர்ந்தெடுத்து வாசலில் சாய்த்து வைத்திருந்தாள்.

அது உதவியது. எங்கள் மாணவிகள் சமத்துவமின்மை பற்றி ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் பேசுவார்கள், மாப்பைப் பிழியத் தெரியாது. மிஷெல் என்ற சீனப்பெண், மன்றத்திலேயே உயரமானவள், மாப்பை அணிவகுப்பில் கொடி பிடிப்பதுபோல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். தண்ணீர் அவள் சட்டைக்குள் இறங்கியது. அந்த ஆண்டு நான் உருப்படியாகக் கற்றுக்கொடுத்த பாடம் மாப் பிழிவதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். எழுத்துப் பிழைகள் அப்படியேதான் இருந்தன.

எங்களுக்குக் கிடைத்த வீடு வேலு அங்கிளுடையது, தேக்கா சந்தையிலிருந்து நடக்கிற தூரம். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வாளி, துடைப்பம், கையுறை எல்லாவற்றோடும் போய்க் கதவைத் தட்டினோம். கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டையோடு திறந்தார். பின்னாலேயே பைன் வாசனை வந்தது. உள்ளே பார்த்தால், தரையில் எங்கள் முகம் தெரிகிறது.

"செருப்ப வெளிய விடுங்க," என்றார்.

மன்றத் தலைவி ஜோசஃபின், என் தமிழ் வகுப்பு மாணவி, என் காதோரம் வந்தாள். "சார், எங்க வீட்டவிட கிளீனா இருக்கு. இப்ப என்ன பண்றது?"

பிரச்சினை புகைப்படம். சுத்தம் செய்வதற்கு 'முன்' ஒன்று, 'பின்' ஒன்று எடுத்துப் பள்ளிப் பலகையில் ஒட்டவேண்டும். 'பின்' படம் தயாராகக் கண்முன் நிற்கிறது, 'முன்' படத்துக்குத்தான் வழியில்லை. மிஷெல் கட்டிலுக்கடியில் தவழ்ந்து, போன் வெளிச்சத்தில் ஒரு சிலந்திக்கூடாவது அகப்படுமா என்று தேடினாள். வேலு அங்கிள் எல்லோருக்கும் ரோஸ் நிற பண்டுங் பால் கலக்கிக் கொடுத்தார். மிஷெலின் கிளாஸ் மெதுவாகச் சாய்ந்தது. தற்செயல் என்று இன்றுவரை சத்தியம் செய்கிறாள். பண்டுங் தரையைத் தொட்டதும் ஏழு பேர் மாப்பை நோக்கிப் பாய்ந்தோம். அதற்குள் அங்கிள் தோளிலிருந்த துணியை உருவித் துடைத்து முடித்துவிட்டார்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் இதே கதைதான். துடைத்த தரையை மறுபடி துடைத்தோம். சிஸ்டர் ஆக்னஸ் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, சீராகப் பராமரிக்கிறீர்கள் என்றார்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், எல்லோரும் மக்சிக் என்று கூப்பிடுபவர்தான், என்னை நடைபாதையில் நிறுத்தினார். பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாகத் திட்டினார். நாங்கள் வருகிறோம் என்று அந்த மனிதர் வியாழனிலிருந்தே தேய்க்கிறாராம். முந்தின நாள் கூரைக் காற்றாடியைத் துடைக்க ஸ்டூலில் ஏறி, அது வழுக்கி, எப்படியோ சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். உங்கள் பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நாள் உதவி செய்தால் ஆள் போய்விடுவார், என்றார்.

பிள்ளைகளைச் சன்னல் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லிவிட்டு அங்கிளிடம் உட்கார்ந்தேன். மாணவிகள் முன்னால் என்னை 'வாத்தியார்' என்பவர், அன்று குரலைத் தாழ்த்தி, "தம்பி, இந்தப் போட்டோல்லாம் எங்க போவுது?" என்றார்.

பள்ளிப் பலகைக்கு என்றேன்.

"கீழ்மாடிக் கோவிந்தன் வீட்டுக்கும் இப்படித்தான் வந்தாங்க. பாத்தாங்க, போட்டோ புடிச்சாங்க. கெழவனால தனியா இருக்க முடியலன்னு ஹோமுக்குக் கூட்டிப் போயிட்டாங்க. எனக்கு இந்த வீடு போதும் தம்பி. கதவ நானே தொறக்கணும், நானே சாத்தணும்."

நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று விளக்கினேன். வாசலில் வந்து எதையோ விற்பவர்களிடம் தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டினார். அடுத்த வெள்ளியும் ஸ்டூலில் ஏறுவார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

திங்களன்று மன்றம் கூடியது. போவதை நிறுத்திவிடலாம் என்றால், படங்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டன என்றுதான் அவர் நினைப்பார், தூக்கமே போய்விடும். சொல்லாமல் போகலாம் என்றால், தினமும் தேய்ப்பார். பள்ளித் தோட்டத்திலிருந்து மண் கொண்டுபோகலாம் என்றாள் மிஷெல்.

அந்தச் சனிக்கிழமை ஜோசஃபின் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "அங்கிள், எங்களுக்கு ஒரு பிராப்ளம் லா. வீட்ட கிளீன் பண்ணாத்தான் நாங்க பாஸ். உங்க வீட்ல அழுக்கே இல்ல. எல்லாரும் ஃபெயிலாயிடுவோம்." ஒரு நொடி யோசித்துச் சேர்த்துக்கொண்டாள்: "சாருக்கும் வேல போயிடும்."

அங்கிள் என்னைப் பார்த்தார். ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பிப்பார்களா என்று யாரும் சொல்லவில்லை. அதனால் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் சிரமப்படவில்லை.

"அப்ப நீங்க என்னயப் பாக்க வரல? பாஸ் பண்ண வர்றீங்க?"

"ஆமா அங்கிள். சாரி."

அவர் சிரித்தார். அந்தக் கழுத்துப் பித்தானை அவர் கழற்றி அன்றுதான் பார்த்தோம். நாங்கள் அவருடைய நன்மைக்கு வரும்வரை அவருக்குப் பயமாக இருந்தது, எங்கள் நன்மைக்கு வருகிறோம் என்றதும் நிம்மதியாகிவிட்டது. படிக்கட்டில் இறங்கும்போது ஜோசஃபினிடம், இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வாயா என்று கேட்டேன். "பொய் எங்க சார்? ஒண்ணுமே செய்யல, எல்லாரும் ஃபெயிலுன்னு நீங்கதான வாரா வாரம் ஏசுறீங்க?" என்றாள்.

அடுத்த முறை போனபோது காற்றாடியில் தூசி படிந்திருந்தது. அங்கிள் ஸ்டூலில் ஏறவில்லை. சன்னலில் மற்ற கண்ணாடிகள் பளபளக்க, ஒன்று மட்டும் மங்கலாக இருந்தது. மேசை நடுவில் தேநீர் காய்ந்துபோன ஒரு கிளாஸ்.

"இது உங்களுக்கு. மத்தத நான் பாத்துக்கிட்டேன்," என்றார்.

நாள் போகப்போக அங்கிளுக்கு அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. உயரமானவள் என்று மிஷெலுக்குக் காற்றாடியை ஒதுக்கினார். தேர்வு நெருங்கியபோது, நல்ல மார்க் வரட்டும் என்று ஒரு சட்டியை அடிப்பிடிக்க விட்டிருந்தார். பலகையில் 'முன்' என்று அழுக்குக் கிளாஸ், 'பின்' என்று கழுவிய கிளாஸ். அதன் முன்னால் நின்ற சிஸ்டர் ஆக்னஸ், இந்த ஒரு கிளாஸைக் கழுவவா இத்தனை பேர் போகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் சிஸ்டர் என்றேன். கொஞ்சம் பொறுத்து, அடுத்த வாரம் தானும் வரலாமா என்றார்.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஜூரோங்கில் ஆண் கழிவறைகள் ஏராளமாக உள்ள ஒரு பள்ளிக்குப் போய்விட்டேன். ஜோசஃபின் பள்ளி முடித்த பிறகும், பாஸ் ஃபெயில் எதுவும் இல்லாமலே, அங்கிள் வீட்டுக்குப் போய்வந்தாள். அவர் ஒரு வெள்ளிக்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டதை அவள்தான் எனக்குத் தெரிவித்தாள். மேசையில் கிளாஸ் இருந்ததாம். கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

மன்றம் இப்போதும் இருக்கிறது, விழிப்புணர்வுக் காணொளிகள் செய்கிறார்களாம். அந்த வீடுகளைக் காலி செய்து புளோக்கை இடித்துவிட்டார்கள். போன வாரம் இரண்டு பச்சை பாட்டில்களோடு அங்கே போய்ப் பார்த்தேன். காலி இடம், ஒட்ட வெட்டிய புல், ஓரத்தில் பதித்த கல். உதிர்ந்த இலை ஒன்றுகூடக் கிடக்கவில்லை. அவ்வளவு சுத்தம். பிள்ளைகளுக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை.