தலை பெருத்த மீன்கள்

போன மாதம் இறந்துபோன என் அக்கா, ஓர் ஆய்வுக்கூடத்தில் மீன்களை அளக்கும் வேலை பார்த்தவள். மேல் ஏரி, கீழ் ஏரி என்று இரண்டு ஏரிகளில் பிடித்த முந்நூறு கெளுத்தி மீன்களை மூன்று வருடம் அளந்தாள். மேல் ஏரி மீனுக்கு உடம்புக்குப் பொருந்தாமல் தலை பெருத்திருந்தது. அது புதிய இனம் என்று கட்டுரை எழுதினாள். கட்டுரை வெளிவந்தால் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும்.

அனுப்புவதற்கு முதல் நாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது. மேல் ஏரியில் வலையில் விழுந்தவை பெரும்பாலும் சின்ன மீன்கள். கைக்குழந்தைக்குத் தலை பெரிதாகத் தெரிவதுபோல, சின்ன மீனுக்கும் தெரியும் அல்லவா? மீன் வளர வளரத் தலையின் விகிதம் எப்படிக் குறைகிறது என்று கணக்கிட்டாள். உடல் அளவால் வரும் வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, இரண்டு ஏரி மீன்களும் ஒன்றுபோலவே இருந்தன.

"இதை யாரும்மா கேக்கப்போறாங்க? அனுப்பிடு," என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்திய பேராசிரியர்.

"மீனுக்கு ஒண்ணுமில்ல சார். தலைக்கனம் எனக்குத்தான் இருந்திருக்கு," என்று சொல்லிவிட்டு, இரண்டும் ஒரே இனம் என்று கட்டுரையைத் திருத்தி எழுதினாள்.

மாலையில் எனக்குப் போன் செய்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"டேய், வேலை நிரந்தரமாகுறது போச்சுடா. அந்தப் புது மீனுக்கு உன் பேரைத்தான் வைக்கலாம்னு இருந்தேன்."

"என் பேரா? ஏன்க்கா?"

"உன் தலையை நீ கண்ணாடில பாத்ததில்லயா?"

இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அவள் வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு வருடம் ஆயிற்று.