சத்தமே இல்லாத சதுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் புதுவாயலில் என் வீட்டு முன்னறையிலிருந்து கிளம்பினேன். கிளம்பினேன் என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் போகும் இடம் ஒரு சதுப்பு நிலம். கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு வேட்டை விளையாட்டுக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய கூடுதல் வரைபடம் அது. பயணச் செலவு, தள்ளுபடி போக முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய். பதினெட்டு ஜி.பி. இறங்கி முடிக்க ஒரு முழுப் பகல் ஆனது.

இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் பனிமலைக்குப் போவார்கள், ஆப்பிரிக்கப் புல்வெளிக்குப் போவார்கள். சதுப்புப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை. வாங்கினவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல’, ‘அரை மணி நேரம் நடந்தேன், ஒரு மிருகம் இல்ல’, ‘காசு தண்டம்’. அட மடப்பசங்களா, கண்ணுக்குத் தெரியாததுதானே அங்கே விசேஷம்! அவர்களுக்கு நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். அது வேறு எங்கேயோ போய் நின்றுவிட்டது.

கூட வருபவன் ஜெபராஜ். முப்பது வயது, ஒரு பெண் குழந்தை. வள்ளூரில் அனல்மின் நிலையத்தை ஒட்டி அவன் வீடு. அங்கிருந்தே ஹெட்போனில் பேசிக்கொண்டு ஆடுவான். இரண்டு பேருக்கும் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. நான் பதினான்கு வருஷமாக மேலே உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறேன். அவன் கீழே நின்று கொக்கியில் சங்கிலி மாட்டுகிறான். கை காட்டினால் தூக்குவேன், இறக்குவேன். விசில் ஊதினால் இருந்த இடத்தில் அப்படியே நிறுத்திவிட வேண்டும். மில்லுக்குள் இருக்கிற இரைச்சலில் வாயால் பேசி யாருக்கும் எதுவும் கேட்காது, அதனால் கையும் கண்ணும்தான் எங்கள் பாஷை.

மறுநாள் திங்கட்கிழமை எனக்குக் காது டெஸ்ட். வருஷா வருஷம் உண்டு. ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். தவறினால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்கள். அப்புறம் கீழே ஸ்கிராப் அள்ள வேண்டியதுதான். அலவன்ஸும் போகும், கெத்தும் போகும். இதற்கு எங்கள் மில்லில் ஒரு வழி இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே டெஸ்ட் எடுப்பவரின் தோளைப் பார்க்க வேண்டும். தோள் கொஞ்சம் அசைந்தால் அவர் சத்தத்தைப் போட்டுவிட்டார் என்று அர்த்தம், அழுத்திவிடலாம். எனக்கு முன்னால் கிரேன் ஓட்டியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆறு வருஷமாக நான் அப்படித்தான் பாஸ் ஆகிறேன். அதை ஒரு தப்பாக ஒருநாளும் நினைத்ததில்லை.

10.20, படகுத்துறை. உள்ளே நுழைந்தால் இன்னும் சரியாக விடியாத ஒரு நேரம். தண்ணீர் கெட்டி டிகாக்‌ஷன் நிறத்தில் அசையாமல் கிடக்கிறது. மரங்கள் வேர் தெரிய நிற்கின்றன. இருபது அடிக்கு மேல் பனி எதையும் காட்டுவதில்லை. நாணல் ஆள் உயரத்துக்கு மேலே. மற்ற வரைபடங்களில் கூட வருபவன் தலைக்கு மேல் ஒரு பச்சைப் புள்ளி தெரியும், இங்கே அது கிடையாது. அதற்குப் பதிலாக, இருக்கும் இடத்தைத் தெரிவிக்க ஆளுக்கு ஒரு விசில் கொடுத்திருக்கிறார்கள். விசில் வருகிறதா என்று நின்று கேட்டுவிட்டுச் சுடு என்று முதல் திரையிலேயே எழுதிக் காட்டுகிறார்கள்.

எனக்கு இந்த இடத்தில் பிடித்தது அதன் அமைதி. ஈ காக்கை சத்தம் இருக்காது. நம் கால் சேற்றில் சளக் சளக்கென்று இறங்கி ஏறும், எங்கேயோ தூரத்தில் பன்றி உறுமும், அவ்வளவுதான். அந்தக் காடு முழுக்க நம்மைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி இருக்கும். போன தடவை போனபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அதற்காகவே மறுபடி போனேன்.

10.50, பாழடைந்த பம்ப் ஹவுஸ். துறையிலிருந்து எண்ணூறு மீட்டர். சுவரில் பாசி, கதவில்லாத ஒரு வாசல். ஜெபராஜ் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

“இன்னா அமைதி பாத்தியா ஜெபா? சுடுகாடு மாதிரி.”

“எங்கண்ணே அமைதி? இந்தப் பூச்சி கத்தறது மண்டையப் பொளக்குது. நான் சவுண்டக் கொறச்சு வச்சிக்கினு ஆடறேன்.”

“எந்தப் பூச்சி?”

“தமாஷ் பண்றியாண்ணே? உள்ள வந்ததுலேந்து நிக்காம கத்தினுகீதே.”

என் ஹெட்போன்தான் போயிருக்கும் என்று ஒயரை ஆட்டினேன். சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினேன். கால் வைத்தால் இடி மாதிரி விழுந்தது. பன்றி காதுக்குள்ளேயே உறுமியது. பூச்சி மட்டும் இல்லை. இரண்டு பேரும் ஒரே சேற்றில்தான் நிற்கிறோம், ஆனால் அவன் நிற்கிற காட்டில் நான் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

“ஆங், இப்ப கேக்குது,” என்றேன்.

11.15, நாணல் காடு. பம்ப் ஹவுஸிலிருந்து வடக்கே அறுநூறு மீட்டர். ஜெபராஜ் சுட்ட ஒரு பன்றி அடிபட்டு உள்ளே ஓடியிருந்தது. அவன் இடதுபக்கம் சுற்றிப்போய் அதை என் பக்கம் கிளப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டான். பேசினால் மிருகம் உஷாராகிவிடும், விசிலுக்கு ஆகாது, அதற்குத்தான் அது. நான் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபதடி தள்ளி நாணல் பிரிந்தது. கறுப்பாக ஒன்று குனிந்து வந்தது. விதிப்படி நின்று கேட்டேன். மனசுக்குள் பத்து எண்ணினேன். எந்தச் சத்தமும் வரவில்லை. சுட்டேன்.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. கூட வந்தவர் இறந்துவிட்டார்.

“யண்ணே, அது நான்ண்ணே!” ஜெபராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். “பன்னிய வுட்டுட்டு என்னப் போட்டுட்டியே! மூணு வாட்டி ஊதினேனே, இன்னா பண்ணிக்கினு இருந்த?”

“ஊதினியா?”

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. தண்ணீரில் அவன் ஆள் குப்புறக் கிடந்தான், தொப்பி மட்டும் மெதுவாக விலகிப்போய்க்கொண்டிருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

11.30, வீட்டுப் பின்பக்கம். என் மனைவி சுமதி கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உனுக்கு இப்ப இன்னா சத்தம்லாம் கேக்குது? சொல்லு.”

“இன்னாத்துக்கு? துணியப் புடி.”

“சொல்லேன்.”

என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். “லாரி. அடுத்தூட்டு மிக்ஸி. தோ, முருங்க மரத்துல அந்தக் குருவி, காலைலேந்து கத்தினே கீது, பேஜாரு.”

முருங்கை மரத்தைப் பார்த்தேன். ஆறடி தூரம்கூட இருக்காது. கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்று தொண்டை புடைக்க வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்கு லாரி மட்டும்தான் கேட்டது. பூச்சி, விசில், குருவி என்று கீச்சென்ற சத்தம் எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்தச் சதுப்பு முழுவதும் என் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, எத்தனை வருஷமாகவோ தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுமதி பதறிப்போய் என்ன என்ன என்றாள். ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன் என்று உள்ளே வந்தேன்.

11.50, மறுபடி படகுத்துறை. செத்தவர்களை விளையாட்டு இங்கேதான் திரும்பக் கொண்டுவந்து விடும். ஜெபராஜ் பனிக்குள் அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணே.”

“சொல்லு.”

“போன மாசம் பில்லட் இரும்புக் கட்டைய எறக்கறப்ப ஒரு தபா ஊதினேன். நீ நிறுத்தல. நான் தாவிப் பின்னால வந்துட்டேன்.”

“ஏண்டா அப்பவே சொல்லல?”

“நீ கவனிக்காம வுட்டுட்டேன்னு நெனச்சேன். சொன்னா உன் மேல கம்ப்ளெயின்ட் ஆயிடும். டெஸ்டுதான் பாஸ் பண்றியே, காதுன்னு எப்பிடிண்ணே நெனைப்பேன்?”

அன்றைக்கு அவன் பின்னால் தாவியதை நான் மேலிருந்து பார்த்தேன். ஏதோ விளையாடுகிறான் என்று கை ஆட்டினேன்.

சதுப்பைப் பற்றி எழுத வந்தவன் ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதை மட்டமாக எழுதினவர்களிடம் எனக்கு இன்னமும் கோபம்தான். முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க்கு அது கொடுப்பதை வேறு எந்த வரைபடமும் கொடுக்காது. டெஸ்டில் மாதிரி பார்த்துத் தப்பிக்கத் தோள் இல்லாத இடம் அது. ஆனால் அமைதியான இடம் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததை யாரும் நம்ப வேண்டாம்.

“நாளைக்குக் கிரேன்ல நீதானேண்ணே?” என்றான் ஜெபராஜ். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பயந்துகொண்டு கேட்டான்.

“இல்ல ஜெபா. நாளைக்கு டெஸ்ட் கூண்டுல கண்ண மூடிக்கினு உக்காரப் போறேன். மேல வேற ஆள் ஏறுவான்.”

அவன் பதிலுக்கு ஏதோ முணுமுணுத்தான். எனக்குப் பிடிபடவில்லை. எப்போதும் போல ‘ஆங்’ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் நிறுத்தி, “காதுல வுழலடா, இன்னொரு வாட்டி சொல்லு,” என்றேன்.