புளித் தராசில் ஐந்தாம் வகுப்பு

நான் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறினேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நாளில், சொல்ல வேண்டிய மேடையில், சொல்ல வேண்டியவர்கள் இதைச் சொல்லவில்லை.

ஜவ்வாது மலையில், மலைப்பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கென்று அரசு நடத்திய பள்ளி எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவர் என் சித்தப்பா ஒருவர்தான். அவரும் கூரை வேயப் போனவர். எனக்கு அங்கே பாய் இருந்தது, தட்டு இருந்தது, மாலையில் விளக்கு இருந்தது. கணக்குப் பாடம் இருந்தது. கணக்கு என்றால் எனக்கு உயிர்.

கீழேயிருந்து வந்த பெரிய வாத்தியாருக்குக் கணக்கைவிட ஆரோக்கியத்தில் பற்று அதிகம். சனிக்கிழமை தோறும் நகம் பார்ப்பார், தலையில் பேன் பார்ப்பார், வரிசையில் நிற்கவைத்துக் கைகால்களை ஆட்டச் சொல்வார். பூச்சி மருந்தை நாங்கள் விழுங்கிவிட்டோமா என்று வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்ப்பார். ஒவ்வொருவருக்கும் மஞ்சள் அட்டை ஒன்று உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு எடை, முடிவில் ஒரு எடை, இரண்டையும் அதில் எழுதுவார்கள். ஆண்டு விழாவில் அதிகம் எடை கூடிய பிள்ளைக்கு எவர்சில்வர் தட்டு பரிசு.

தட்டோடு போயிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஐந்தாம் வகுப்பில் முதலில் வரும் பிள்ளையைக் கலசப்பாக்கத்தில் உள்ள விடுதிக்கு ஆறாம் வகுப்பு படிக்க அனுப்புவார்கள். ஆண்டுக்கு ஒரே ஓர் இடம். முந்தின ஆண்டு அப்படிப் போன பையன் காய்ச்சலில் படுத்து, ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். அதற்காகப் பெரிய வாத்தியார் மேலதிகாரியிடம் திட்டு வாங்கினார். ஆகவே அந்த ஆண்டு ஒரு விதி போட்டார். எடை குறைந்த பிள்ளையைக் கீழே அனுப்புவதில்லை. அனுப்பாவிட்டால் எனக்கு என்ன காத்திருக்கிறது என்பது தெரிந்த விஷயம்தான். ஆடு இருந்தது, சாமைக் கொல்லை இருந்தது, இரண்டு வருடத்தில் கல்யாணம் இருந்தது.

விழாவுக்கு முதல் நாள் எடை போட வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் எடை இயந்திரம் கொண்டு வந்த நர்சம்மாவின் ஜீப் இந்த முறை வழியில் நின்றுவிட்டது. அது புளிக் காலம். அடிவாரத்திலிருந்து வந்த மண்டிக்காரர், பள்ளிக்கு எதிரேயிருந்த மரத்தில் தன் தராசைத் தொங்கவிட்டுப் புளி வாங்கிக்கொண்டிருந்தார். கடிகாரம் போல வட்ட முகம், ஒரே ஒரு முள், கீழே கொக்கி. பெரிய வாத்தியார் அதைக் கேட்டார்.

"இன்னா சார் இதுக்குப் போயி கேட்டுக்கினு? கொயந்தைங்கள எட போட நான் கூலியா கேக்கப்போறேன்?" என்றார் மண்டிக்காரர். பரிசுத் தட்டுகளை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. கல்வியின் மேல் அவருக்கு அத்தனை பிரியம்.

கொக்கியில் ஒரு கோணியைத் தூளி போலக் கட்டினார்கள். நாங்கள் ஒவ்வொருவராக அதில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தொங்கினோம். கோணியில் புளி வாடை. மண்டிக்காரரின் ஆள் பழக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் இறக்கும்போது "அடுத்த மூட்ட" என்றான். விழாவுக்கென்று முதல் நாளே வந்திருந்த என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "புள்ளைங்கள இப்டியா மாட்டுவாங்க? கண்ணு பட்டுப் பூடும்" என்றாள். கண் படுவதைப் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இறங்கியபோது எனக்கு அழுகை வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் இருபத்து நான்கு கிலோ இருந்த நான் இருபத்து மூன்றரைக்கு இறங்கியிருந்தேன்.

நான் மட்டுமில்லை. மொத்த வகுப்பும் இளைத்திருந்தது. ஒரே ஒருவன் தப்பினான். ஆண்டின் தொடக்கத்தில் காய்ச்சலோடு எலும்பும் தோலுமாக வந்தவன், அரைக் கிலோ கூடியிருந்தான். படிப்பில் அவன் ஏழாவது. தட்டும் அவனுக்கு, கலசப்பாக்கமும் அவனுக்கு என்று ஆயிற்று. அவனே பயந்துபோய் என்னிடம் வந்து, "நான் இன்னாடி பண்ணுவேன்? சோறுதான் துன்னேன்" என்றான்.

பெரிய வாத்தியார் எங்கள் அட்டைகளில் சிவப்பு மையால் 'உடல் தேறவில்லை' என்று எழுதினார். பிறகு எங்களை நிற்கவைத்து ஒரு மணி நேரம் பேசினார். அரசாங்கம் இவ்வளவு சோறு போட்டும் தேறாதது எங்கள் மலைப் புத்தி என்றார். அறுப்பு வந்தால் ஊருக்கு ஓடுகிறோம், கண்டதையும் தின்கிறோம், சுத்தம் என்பதே எங்கள் இரத்தத்தில் இல்லை என்றார். அவருக்கு வருத்தம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை பிள்ளைகளும் ஒரே மாதிரி இளைத்திருக்கிறார்களே, இது எப்படி என்று ஒரு நொடி அவர் யோசித்திருக்கலாம். மலைப்பிள்ளைகளைச் சந்தேகப்படுவது எளிதாக இருந்தது. தராசைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. மறுநாள் காலை வராந்தாவைப் பெருக்கும்போது, புதுக் கழிப்பறை கட்ட இறக்கியிருந்த சிமென்ட் மூட்டைகள் கண்ணில் பட்டன. வாய் தைத்த மூட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் ஐம்பது கிலோ என்று அச்சடித்திருந்தது. விளக்குமாற்றோடு அப்படியே பெரிய வாத்தியாரிடம் ஓடினேன்.

"சார், அந்தத் தராசுல சிமென்ட்டு மூட்டைய ஒரு வாட்டி மாட்டிப் பாருங்க சார்."

"போயி தலைய வாரு. அதிகாரி வர நேரம்" என்றார்.

அதிகாரி வந்தார். பாட்டுப் பாடினோம். சாக்கு ஓட்டமும் எலுமிச்சைக் கரண்டி ஓட்டமும் நடந்தன. கை கழுவுவதன் பயன் பற்றி நான்தான் பேசினேன். அந்தப் பேச்சுக்கு மட்டும் உடல் தேறாத பிள்ளை போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலும். மேடையில் அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் மண்டிக்காரர், கழுத்தில் மாலையோடு. சுற்றிலும் எங்கள் ஊர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பின்வரிசையில் நின்றார். பெரிய வாத்தியார், கலசப்பாக்கம் விடுதிக்குத் தேர்வாகியிருக்கும் மாணவன் என்று ஏழாவது பையனின் பெயரைப் படித்தார்.

நான் எழுந்து நின்றேன். தராசு குறைவாகக் காட்டுகிறது, சிமென்ட் மூட்டையை மாட்டினால் தெரியும் என்று சொன்னேன். பெரிய வாத்தியார் என்னை உட்காரச் சொல்லிக் கையை ஓங்கினார். அதிகாரிக்கு வெயிலும் விழாவும் சலித்திருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே, "இருங்க சார். கொழந்த கேக்குது, மாட்டித்தான் பாப்பமே" என்றார்.

கொத்தனார்கள் இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார்கள். முள் ஏறியது. நாற்பத்தைந்தில் நின்றது.

"மேஸ்திரி கொஞ்சம் அள்ளிக்கினு இருப்பான் சார்" என்று மண்டிக்காரர் சிரித்தார். மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. வாய் பிரிக்காத இன்னொரு மூட்டையைத் தானே தோளில் தூக்கி வந்தார். அதுவும் நாற்பத்தைந்து. ஐம்பதுக்கு ஐந்து என்றால் பத்துக்கு ஒன்று. என் எடை இருபத்தாறு என்று கரும்பலகையும் சாக்கட்டியும் இல்லாமல் அங்கேயே சொன்னேன். வகுப்பில் ஒவ்வொருவருடைய எடையையும் சொன்னேன். யாரும் இளைக்கவில்லை. எல்லோரும் தேறியிருந்தோம்.

ஊர் முழுவதும் கைதட்டும் என்று எதிர்பார்த்தேன். ஒரு கைகூட அசையவில்லை. பெரியவர்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் சாமையைப் படியால் அளந்து கொடுப்பார்கள், அதையும் தலைதட்ட மாட்டார்கள், குவித்துத்தான் கொடுப்பார்கள். கொடுப்பவரின் படியை உற்றுப் பார்ப்பது அவரை அவமதிப்பது போல. புளியைப் படியால் அளக்க முடியாது. அதற்குக் கிலோ வேண்டும், கிலோ மண்டிக்காரரோடு மலைக்கு வந்தது. அதற்கும் எங்கள் ஆட்கள் படிக்குரிய மரியாதையையே கொடுத்தார்கள். மூட்டையை மாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்வது மண்டிக்காரர் வேலை. எத்தனை ஆண்டுகளாகப் பத்துக்கு ஒன்று போயிருக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் ஏன் எழுந்து நின்று கேட்கவில்லை?

அதிகாரி பெரிய வாத்தியாரின் காதில் ஏதோ சொன்னார். அட்டைகளைத் திருத்தி, விடுதிக்கு என்னையே அனுப்பச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. என் சிவப்பு எழுத்தின் மேல் நீலக் கோடு விழுந்தது. அதோடு விழா முடிந்துவிட்டது. மதிப்பெண் பரிசுகள் இருந்த மேசைக்கு யாரும் போகவில்லை. என் பெயரை யாரும் படிக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். தட்டு பெற்ற பையன் அதை எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்பா சாப்பிடப் போகவில்லை. மரத்தடியில் மண்டிக்காரருக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மண்டிக்காரர் அப்பாவைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

"இன்னாடா, ஒம் பொண்ணு கணக்குல கெட்டியா கீதே. எனக்கே பாடம் நடத்துது?"

"சின்னப் புள்ள மொதலாளி. மனசுல வச்சிக்காதீங்க."

அப்பா கும்பிட்டார். குற்றம் செய்தவன் மாலையோடு உட்கார்ந்திருக்க, பறிகொடுத்தவர் கும்பிட்டார். நான் அதைப் பார்த்தேன். அன்று எரிந்தது இன்றும் முழுதாக அணையவில்லை.

மறுநாள் காலை எங்கள் புளி எடைக்கு வந்தது. ஆறு மூட்டை. அதே மரம், அதே கொக்கி, அதே தராசு. அப்பா ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மண்டிக்காரர் ஓர் எண்ணைச் சொல்வார். உடனே நான் பக்கத்தில் நின்று சரியான எண்ணைக் கத்துவேன். அவர் முப்பத்தாறு என்றால் நான் நாற்பது என்பேன். அவர் இருபத்தேழு என்றால் நான் முப்பது என்பேன். மண்டிக்காரர் என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். நான்காவது மூட்டைக்கு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"வாய மூடிக்கினு வூட்டுக்குப் போ."

"ஏம்பா, அவரு ஏமாத்துறாரு. ஒனக்குப் புரியலியா?"

அப்பா என்னை அடித்ததே இல்லை. அன்றும் அடிக்கவில்லை. ஐந்தாவது மூட்டையைத் தூக்கினார். நான் அங்கிருந்து போகவில்லை. ஆறாவது வரை கத்திவிட்டுத்தான் போனேன். எண் தெரியாத மனிதர், பயந்த மனிதர், இவரிடம் போய் ஏன் பிறந்தோம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கோடை விடுமுறை முடிந்ததும் கலசப்பாக்கம் விடுதியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் என்ன, சிமென்ட் மூட்டை சாட்சி சொன்னதே என்று இருந்தேன். அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து ஜீப் நிற்கும் இடம் வரை நடந்தார். சந்தவாசல் வரை ஜீப்பிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. விடுதி வாசலில் அவர் "வர்றேன்" என்றபோது தலையை மட்டும் ஆட்டினேன். அடுத்த ஏழு ஆண்டுகளில் வீட்டுக்குப் போன போதெல்லாம் பேசினேன், ஆனால் ஒரு வாத்தியார் பேசுவது போல, கொஞ்சம் மேலே நின்று பேசினேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ்கள் கேட்டபோது, விடுதி எழுத்தர் என் காகிதங்களை மொத்தமாகக் கட்டிக் கொடுத்தார். அதில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த விண்ணப்பமும் இருந்தது. மலையிலிருந்து வரும் பிள்ளைக்குக் கீழே சொந்த வீடு உள்ள ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் விடுதியில் சேர்க்க மாட்டார்கள் என்று அதில் அச்சிட்டிருந்தது. எங்கள் குடும்பத்துக்குக் கீழே தெரிந்த மனிதர் யார் இருந்தார்? அந்தக் கட்டத்தில் மண்டிக்காரரின் கையெழுத்து. நல்ல, உருண்டையான, அழகான கையெழுத்து. கீழே தேதி. விழாவுக்கு மறுநாள்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "அந்தாளு மொதல்ல மாட்டேன்னுட்டான். அப்பால ஒங்கப்பன், எட கொறஞ்சா கொறயட்டும், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், ஆறுல ஒரு மூட்ட சும்மாவே குடுக்கறேன்னு சொல்லித்தான் வாங்கிக்கினு வந்தாரு" என்றாள். பத்துக்கு ஒன்று போவது ஊரில் எல்லோருக்கும் எப்போதும் தெரியும் என்றும் சொன்னாள். "ஒனக்குத்தான் அன்னிக்குத் தெரிஞ்சிது."

ஆறு மூட்டை என்று நான் எண்ணியதில் ஒன்று விலைக்கே வந்ததில்லை. அது கையெழுத்துக்குப் போனது. அதற்கும் சேர்த்து நான் எடையைக் கத்திக்கொண்டிருந்தேன். நான் கத்தக் கத்த, மண்டிக்காரர் மனம் மாறி அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுவாரோ என்று அப்பா ஒவ்வொரு மூட்டைக்கும் பயந்துகொண்டு நின்றிருக்கிறார். அந்தப் பயத்தைத்தான் நான் பார்த்தேன். யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை.