மக்டலீன் விற்ற நாடு

கனடாவில், மில்லிக்கன் பிளாசாவில் இருந்த பயண முகவர் கடையில் மக்டலீன் ஏழு வருசமாக இலங்கையை விற்றுக்கொண்டிருந்தாள். சிகிரியாக் குன்றில் எத்தனை படி, யால காட்டில் சிறுத்தை எந்த மாதம் கண்ணில் படும், கண்டிப் பெரஹரா ஊர்வலம் பார்க்க எந்தத் தெருவில் நிற்கலாம், எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. வடக்கே ஊர்காவற்றுறையில் பிறந்தவள் தெற்கே கொழும்புக்குப் போனது ஒரேயொரு தரம், அதுவும் கனடாவுக்கு விமானம் ஏற.

ஆனாலும் டிக்கெட்டோடு தன் கையால் புத்திமதி எழுதிய தாள் ஒன்றையும் வைக்காமல் எவரையும் அனுப்பமாட்டாள். கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள். சோதனைச்சாவடி வந்தால் சொல்லுமுன்பே இறங்கிவிடுங்கள். தங்குமிடத்தைப் பொலிசில் பதியுங்கள்.

"வெள்ளையளுக்கு உது என்னத்துக்கு, பிள்ளை?" என்று முதலாளி இராஜரட்ணம் சிரிப்பார்.

"பட்டவைக்குத்தான் தெரியும், அண்ணை" என்பாள் வெடுக்கென்று.

1998 மாசியில், அவளிடம் டிக்கெட் எடுத்து இலங்கை போய்வந்த ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியை ஹெலன், வெயிலில் சிவந்த முகத்தோடு, அங்கே எடுத்த படங்களைக் காட்ட வந்தாள்.

"உன் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன், மக்டலீன். ஒருவரும் கேட்கவில்லை. சாவடிகளில் கையசைத்துப் போகவிட்டார்கள். ஒரே ஒரு தரம்தான் எங்கள் வண்டியை மறித்தார்கள். யானை ஒன்று தெருவைக் கடக்க வேண்டியிருந்தது."

போர் நாளில் கொழும்புக்குப் போன அந்த ஒரு பயணத்தில் மக்டலீன், தமிழ்ப் பிள்ளை என்று, பதினொரு சாவடிகளில் இறங்கி ஏறியவள். யானைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, இவ போய் வந்த நாட்டுக்கு எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்கோவன்."