கிளிக்குப் புகை போட்டவன்

மூச்சு வாங்கிய கிளிக்குச் சாம்பிராணி போட்டவன் நான். ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கூண்டை வலமும் இடமுமாகச் சுற்றிக் காட்டி, புகைக்கு நடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்று, "எல்லாம் சரியாயிடும்டா" என்று அதற்கு ஆறுதல் வேறு சொன்னேன். கிளி தும்மியது. ஆகா, புகை வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். படித்தவன்தான். கம்ப்யூட்டரைத் தட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன். அந்த விசுவாசத்தில்தானோ என்னவோ, போட்டதும் கம்ப்யூட்டர் சாம்பிராணி.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இனிமேல் நான் என்ன சொன்னாலும் என்னைப் பற்றிய உங்கள் அபிப்பிராயம் கீழே இறங்க வழியில்லை.

கள்ளிக்குப்பத்தில் ஓர் அடுக்குமாடியில் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். அவள் காலையில் ஆவடிப் பக்கம் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். எனக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. பேச்சுத்துணைக்கு ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் அவ்வப்போது உறுமிவிட்டு நிறுத்திக்கொள்ளும். இந்த நிலையில்தான் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒருவரின் தோளில் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு கிளி உட்கார்ந்து அவர் காதைக் கொஞ்சிக்கொண்டிருந்தது. எனக்கும் காது இருக்கிறதே என்று தோன்றிவிட்டது.

பூந்தமல்லிப் பக்கத்தில் பறவை விற்பவர் அடித்துச் சொன்னார். "சார், இது கையால தீனி குட்த்து வளத்த குஞ்சு. தோள்ல குந்திச்சின்னு வையி, எறங்கவே எறங்காது."

அவர் சொன்னது பொய்யில்லை. தோளில் உட்கார்ந்தது, இறங்கவில்லை. தோள் மட்டும் என் மனைவியுடையது. வேண்டவே வேண்டாம் என்று சொன்னவள் அவள். பேசி, கூண்டு வாங்கி, வெளிநாட்டுக் கிளிக்கு வேண்டிய அனுமதிக் காகிதங்களையெல்லாம் சரிசெய்து, மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் நான். என் விரலைக் கண்டால் அதற்கு முறுக்கு ஞாபகம் வரும்போல. கடித்துப் பதம் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை.

கத்தல் தனிக்கதை. மனைவி வாசலைத் தாண்டியதும் ஆரம்பிக்கும். அலுவலகக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து உச்சத்துக்குப் போகும். ஒவ்வொரு முறையும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கூண்டு முன்னால் நின்று கும்பிடுவேன். "கத்தாதடா ராஜா. வேலை போயிடும்டா." அது தலையைச் சாய்த்துக் கேட்கும். நான் திரும்பிப் போய் உட்கார்ந்ததும் மறுபடி கத்தும். போதாக்குறைக்கு, தண்ணீர் லாரி பின்னால் வரும்போது அடிக்கிற "பீப் பீப்" சத்தத்தையும் கற்றுக்கொண்டது. முதல் முறை அது அந்தச் சத்தத்தைப் போட்டபோது மேல்மாடி அக்கா குடத்தோடு கீழே இறங்கிவிட்டார். லாரியைக் காணாமல் அண்ணாந்து எங்கள் பால்கனியைப் பார்த்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், இது ஒருநாளாவது வாயை மூடாதா என்று வேண்டிக்கொண்டதுண்டு.

மூடியது. ஒரு வாரமாகத் தும்மலாக இருந்தது. பிறகு உடம்பை உப்பிக்கொண்டு ஒரே மூலையில் உட்கார ஆரம்பித்தது. மார்பிலிருந்து இறகுகளை ஒவ்வொன்றாகத் தானே பிடுங்கிக் கீழே போட்டது. கூண்டுத் தட்டில் மஞ்சள் மஞ்சளாக விழுந்து கிடக்கும். பிடுங்கிய இடத்தில் கோழிக்கடையில் தொங்குகிற மாதிரி வெறும் தோல். மூச்சு விடும்போது வாலும் சேர்ந்து ஏறி இறங்கியது.

வாட்ச்மேனிடம் போய்ப் புலம்பினேன். எங்கள் குடியிருப்பின் சகல விவகாரங்களுக்கும் அவரே மேல்முறையீட்டு நீதிமன்றம்.

"கண்ணு பட்டுகிச்சு நைனா" என்றார், யோசிக்காமலே. "இம்மாம் கலரா ஒண்ண வச்சிகினு, போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாத்துகினு போனா இன்னா ஆவும்? சாம்பிராணி போடு. ஊட்ட நல்லா சாத்திகினு போடு, பொக வெளிய பூடப்போவுது."

இதுவரை எந்த மேலாளர் சொன்னதையும் நான் இவ்வளவு கவனமாக நிறைவேற்றியதில்லை. வெள்ளிக்கிழமை போட்டேன். சரியாகவில்லை. பக்தி போதவில்லை என்று தினமும் போட்டேன். கூண்டில் கறுப்புக் கயிறும் கட்டினேன். கிளி இன்னும் உப்பியது. ஒரு மாலை மனைவி வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்கு என்னையே தெரியவில்லை, புகை அப்படி. ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கூண்டருகே போனாள். கிளி அவள் தோளுக்குத் தாவப் பார்த்தது, பாதியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கிவிட்டது.

"இது செத்துப் போச்சுன்னா உங்ககூட நான் பேசமாட்டேன்" என்றாள். மிரட்டுகிற குரலில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் அவள் விடுப்பு எடுத்தாள். இருவருமாக அம்பத்தூரில் இருந்த ஒரு பிராணி மருத்துவரிடம் போனோம். காத்திருந்த இடம் முழுக்க நாய்கள். கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய் எங்கள் கூண்டைப் பார்த்து நாக்கைச் சுழற்றியது. மருத்துவர் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டிக் கேட்டார்.

"என்ன அது, பேர்டா?"

"ஆமா டாக்டர், மூச்சு..."

"பேர்டு நான் பாக்கறதில்லைங்க. பயத்துலயே போயிடும். அப்புறம் என்னைத்தான் சொல்வீங்க." நகரத்துக்குள் பறவைகளை மட்டும் பார்க்கிற மருத்துவர் ஒருவர் இருப்பதாகச் சொல்லி வழி சொன்னார். நாங்கள் எழுந்தபோது அந்த நாய் எங்களுக்காக வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. அல்லது தீனி போகிறதே என்று வருத்தப்பட்டிருக்கலாம்.

ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் துண்டு போர்த்திய கூண்டைப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, கிளி ஜோசியமா?" என்றார்.

"உடம்பு சரியில்லண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"கிளிக்கு ஆஸ்பத்திரியா? மாசக்கணக்கா முதுகு வலில கீறேன், நானே போவல!" என்று சிரித்தவர், கண்ணாடியில் என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "கெட்டியா புடிச்சிக்கமா. நான் பள்ளத்துல எறக்காம ஓட்றேன்." அம்பத்தூரிலிருந்து பள்ளத்தில் இறங்காமல் ஓட்டுவதென்றால் ஆகாயத்தில்தான் ஓட்ட வேண்டும். அவர் முயற்சி செய்தார்.

பின்னால் ஒரு லாரி "பீப் பீப்" என்று திரும்பியது. நான் துண்டைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். பதிலுக்கு ஒன்று அடிக்கும் என்று எதிர்பார்த்தேன். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. இத்தனை மாதமாக நான் வேண்டிக்கொண்ட அமைதி என் மடியில் உட்கார்ந்திருந்தது. அந்த அமைதியை எடுத்து வெளியே எறிந்துவிடலாமா என்று ஆத்திரமாக வந்தது.

பறவை மருத்துவர் ஒரு பெண். பேச்சு குறைவு, கை வேகம். துண்டோடு கிளியைப் பிடித்துச் சின்னத் தராசில் வைத்தார், மார்பைப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே கேள்விகளைத் தொடங்கினார்.

"என்ன குடுக்கறீங்க?"

"சூரியகாந்தி விதை டாக்டர். ரொம்ப இஷ்டம்."

"வேற?"

"நிறைய சூரியகாந்தி விதை."

அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "தோசை நான்ஸ்டிக்ல போடுவீங்களா? அது சூடேறிப் புகைஞ்சா இதுங்களுக்கு ஆகாது."

"எங்க வீட்ல இரும்புக் கல்லுதான் டாக்டர்" என்று மனைவி தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"வீட்டுல யாராவது ஸ்மோக் பண்றீங்களா?"

"சேச்சே!" என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்தி. "அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர். வாசனையே ஆகாது எனக்கு."

பக்கத்தில் மனைவி தொண்டையைச் செருமினாள். நான் கேட்காத மாதிரி சுவரில் இருந்த பறவைப் படத்தைப் பார்த்தேன். அவள் மறுபடி செருமினாள்.

"கொஞ்சமா சாம்பிராணி..." என்றேன்.

"வெள்ளிக்கிழமையா?"

"தினமும்தான். திருஷ்டிக்கு."

"ஜன்னலைத் திறந்து வச்சா?"

"இல்ல டாக்டர். புகை வெளிய போயிடும்னு..."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பறவையின் உடம்பில் மூச்சு எப்படியெல்லாம் சுற்றி வருகிறது, புகை அதற்கு எவ்வளவு கேடு என்று சுருக்கமாகச் சொன்னார். சளி ஏற்கெனவே இருந்திருக்கிறது, அதன்மேல் நான் வேறு. இறகு பிடுங்குவதற்குத் தீனி, சலிப்பு, தனிமை எல்லாம் காரணமாக இருக்கலாம். கத்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஓடிப்போய்க் கெஞ்சுவதை நடித்தே காட்டினேன்.

"நல்லாப் பழக்கியிருக்கு" என்றார்.

"எங்க டாக்டர், சொன்ன பேச்சே கேக்கறதில்ல."

"கிளி உங்களைப் பழக்கியிருக்குன்னு சொன்னேன். அது கூப்பிட்டா நீங்க ஓடி வர்றீங்க இல்ல?"

பிழைக்குமா என்று மனைவி கேட்டாள். "இந்த வாரம் தாண்டட்டும்" என்று மட்டும் சொல்லி, மருந்தையும் ஊசியில்லாத சின்ன சிரிஞ்சையும் கொடுத்தார்.

மருந்து கொடுப்பதற்கு ஒருவர் துண்டில் சுற்றிப் பிடிக்க வேண்டும், ஒருவர் அலகோரம் விட வேண்டும். பிடிக்கிறவரைக் கிளி மன்னிக்காது. "நானே பிடிக்கிறேன். என்னை ஏற்கெனவே பிடிக்காது, இதனால புதுசா ஒண்ணும் கெட்டுப்போகாது" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரே உருப்படியான யோசனை இதுதான் என்று மனைவி ஒப்புக்கொண்டாள். காலையும் மாலையும் பிடித்தேன். காலையும் மாலையும் கடி வாங்கினேன். அலுவலகத்தில் விரல்களில் பிளாஸ்திரியைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சமையல் என்று சொல்லிவைத்தேன்.

எங்கள் வீட்டில் புகை நின்றது. ஊரில் நிற்க வேண்டுமே. அதுவரை என் கண்ணில் படாத புகையெல்லாம் வரிசைகட்டி வந்தது. கீழ்வீட்டில் கொசுவத்தி. எதிர்வீட்டில் மிளகாய் வறுவல். காலி மனையில் யாரோ குப்பையைக் கொளுத்தினார்கள். பனியனோடு ஓடிப்போய் வாளித் தண்ணீரை ஊற்றினேன். வெள்ளிக்கிழமை கடைகடையாகச் சாம்பிராணி போடுகிறவர் எங்கள் வாசலுக்குத் தூபக்காலோடு வந்தார். வழியை மறித்தேன்.

"இங்க வேணாம்ண்ணே. கிளிக்கு ஆகாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாமிக்கே ஆவுது, உன் கிளிக்கு ஆவாதா? ஏன் சார், போன வாரம் நீதான என்னாண்ட தூள் கேட்டு வாங்கிகினு போன?"

ஆமாம். கம்ப்யூட்டர் சாம்பிராணி தீர்ந்துபோய் அவரிடம்தான் வாங்கியிருந்தேன்.

வாரம் தாண்டியது. வாலின் ஏற்ற இறக்கம் குறைந்தது. மனைவி ஊட்டினால் கொஞ்சம் பப்பாளி சாப்பிட்டது. ஆனால் சத்தம் மட்டும் இல்லை. கூட்டங்களில் நான் தடங்கலில்லாமல் பேசினேன். என்ன பேசினேன் என்றுதான் தெரியாது, காது கூண்டின் பக்கமே இருந்தது.

பிறகு ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "பீப் பீப் பீப்" என்று கேட்டது. மாடிப்படியில் தடதடவென்று ஆள் இறங்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். கீழே மேல்மாடி அக்கா குடத்தோடு நின்றார். லாரி இல்லை.

"உங்க கிளியா?" என்று கத்தினார்.

"ஆமாக்கா!" என்று நானும் கத்தினேன், வாய் நிறைய நுரையோடு. இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு திட்டு வாங்கியது அதுதான் முதல் முறை. ஓடிப்போய்க் கூண்டைத் திறந்து கையை நீட்டினேன். ஆசையாக, நிதானமாக, கட்டை விரலைத் தேர்ந்தெடுத்துக் கடித்தது. மார்பில் முள் முள்ளாகப் புது இறகு முளைத்திருந்தது.

அன்று மாலை வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். "சவுண்டு கேட்டனே. பொயச்சிகிச்சா? நான்தான் சொன்னேன்ல, சாம்பிராணிக்கு அசையாத திருஷ்டி இல்ல."

எனக்கு எரிச்சலாக வந்தது. மருந்து, துண்டு, கடித்த விரல்கள் எல்லாவற்றையும் காட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி நைனா. மறுக்கா கண்ணு பட்டுரும், உப்பும் மொளகாவும் சுத்தி அடுப்புல போட்ரு" என்றார்.

மாடி ஏறும்போது சிரித்துக்கொண்டேதான் ஏறினேன். கதவைத் திறக்கும்போது லேசாக யோசனை வந்தது. வெறும் உப்பு மிளகாய்தானே? கைப்பேசியை எடுத்து மருத்துவருக்கு எழுதினேன். கிளி தேறிவிட்டது, புது இறகு வருகிறது, மனைவியின் தோளில் உட்கார்ந்திருக்கிறது, என்னைக் கடிக்கிற பலமும் வந்துவிட்டது, மிக்க நன்றி. சாம்பிராணியை அறவே நிறுத்திவிட்டேன், ஒரே ஒரு தடவை உப்பும் மிளகாயும் மட்டும் அதற்குச் சுற்றி அடுப்பில் போடலாமா?

உடனே பதில் வந்தது.

"மொட்டை மாடிக்குப் போய் உங்களுக்குச் சுத்திக்கோங்க சார்."