படத்தில் உள்ளவரின் சம்மதம்

மாநகர சபையில் விளம்பரப் பலகைப் பிரிவுக்கு என்னை மாற்றியபோது, அது ஓய்வான வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கடைக்காரர் விண்ணப்பம் தருவார்கள். நான் போய் நீள அகலத்தை அளந்து, நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்து, கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். தகரப் பலகைகள் இருந்த காலம்வரை அப்படித்தான் இருந்தது. பிறகு மின்திரைகள் வந்தன. பேருந்துகளிலும் வான்களிலும் முழு உடம்புக்கும் ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கினார்கள். எங்கள் விதிகளோ தகரத்துக்கு எழுதப்பட்டவை.

கொடிகாமத்திலிருந்து காலைப் பேருந்தில் மரக்கறிச் சாக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்து சேரும்போதே எனக்குக் கால் கடுத்துவிடும். வந்து உட்கார்ந்தால் கவுண்டரில் சண்டை ஆயத்தமாக நிற்கும். ஒரு நகைக்கடை முதலாளி தன் கடைக் கண்ணாடியோடு ஒட்டி ஆள் உயரத் திரை வைத்திருந்தார். சந்தியில் திரும்புகிறவர்களுக்குக் கண் கூசியது. அவர் விண்ணப்பிக்கவே மாட்டேன் என்றார்.

"தங்கச்சி, உது போர்ட் இல்லை. கடைக்குள்ளை இருக்கிற ரீவி. வீட்டிலை ரீவி வைக்கிறதுக்கும் உங்களிட்டைப் பெர்மிட் எடுக்கிறதோ?"

"ரீவி உள்ளுக்கெல்லோ பாத்துக்கொண்டு நிக்கும் ஐயா. உங்கடை ரீவி றோட்டைப் பாக்குது."

இரண்டு கிழமை இப்படியே கதைத்தோம். பிறகு அவர் வெளிச்சத்தைக் குறைத்தார், நான் கேள்வியைக் குறைத்தேன். பெரும்பாலான கோப்புகள் அப்படித்தான் முடிந்தன. யாரும் வெல்வதில்லை. இரு பக்கமும் களைத்துப்போவோம்.

ஆட்களின் முகம் பற்றிய விதி பழைய விதிகளில் இல்லை. ஒரு மணப்பெண் அலங்கார நிலையம், தான் அலங்கரித்த பெண் ஒருத்தியின் படத்தை அவளிடம் கேட்காமலே ஒரு பேருந்தின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டது. அந்தப் பெண்ணின் தகப்பன் எங்கள் கவுண்டரில் வந்து நின்று அழுதார். அதற்குப் பிறகு விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் எங்கள் மேலதிகாரியான சேர். படத்தில் மனித முகம் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழின் பிரதி வேண்டும். அந்த வரியைத் தட்டச்சு செய்தது நான்தான். நல்ல வரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

குருநகரிலிருந்து அந்த அம்மா வந்தது ஒரு மழைக்காலத்தில். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பழைய வான் ஒன்று வாங்கி, ஐஸ் பெட்டி பொருத்தி, ஒழுங்கைகளில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். மகள்தான் ஓட்டுவாள். வானுக்கு நீல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். வாகனப் புத்தகத்தில் வெள்ளை என்று இருக்க வான் நீலமாக ஓடுகிறது என்று பொலிஸ் முதலில் மறித்தது. நிறத்தைப் பதிவதற்கு இரண்டு தடவை அலைந்து அதை முடித்தார். அடுத்த தடவை மறித்தவர்கள் விளம்பரத்துக்குச் சபையின் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். அதற்காகத்தான் என்னிடம் வந்தார்.

வானை வளவுக்குள் நிறுத்தியிருந்தார்கள். அளவுநாடாவோடு இறங்கிப் போனேன். பக்கவாட்டில் மீன்களின் படங்கள், ஒரு தொலைபேசி இலக்கம். பின்கதவு நிறைய ஒரு மனிதர். சாரத்தை மடித்துக் கட்டி, பெரிய பாரை மீன் ஒன்றைச் செவுளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"இவர் ஆர் அக்கா?"

"என்ரை மனுசன். மகள் போனிலை எடுத்த படம்."

"அப்ப லேசு. அவரிட்டை ஒரு கடிதம் வாங்கித் தாங்கோ. என்ரை படத்தைப் போடுறதுக்குச் சம்மதம் எண்டு எழுதி ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

மகள் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அவர் கடலுக்குப் போனவர்," என்றார் அந்த அம்மா. "படகு கிடைச்சது. அவரை இன்னும் காணேல்லை."

எத்தனை வருடம் என்று கேட்டேன். சொன்னார். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, அப்படியானால் இறப்புச் சான்றிதழ் இருந்தாலும் போதும் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. காணாமல் போனவர்களுக்கும் பதிந்து எடுக்க வழி இருக்கிறது, விபரம் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"வழி தெரியும் பிள்ளை. வேற இடங்களிலையும் கேட்டவை. நான் எடுக்கேல்லை. கோயிலிலை பூசைக்குப் பேர் குடுக்கேக்கையும் செத்த ஆக்களின்ரை பட்டியலிலை நான் அவரைச் சேர்க்கிறேல்லை. இதுக்குப்போய் எடுக்கிறதோ?" என்றார்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அடுத்த கிழமை வரச் சொன்னேன்.

அந்தக் கிழமையில் ஒரு வழி யோசித்தேன். ஸ்டிக்கர் ஒட்டும் கடைகள் எங்கிருந்தோ எடுத்துப் போடுகிற பொதுப் படங்களுக்காக எங்களிடம் ஒரு சின்ன உறுதிமொழிப் படிவம் உண்டு. 'மேற்படி படத்தில் உள்ளது உண்மையான எந்த நபரையும் குறிப்பதன்று' என்று இருக்கும். அதில் கையெழுத்து வாங்கினால் சம்மதமும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். யாருக்கும் நட்டமில்லை. அவர் வந்ததும் படிவத்தைத் தள்ளி, "இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ அக்கா, அலுவல் முடிஞ்சிடும்" என்றேன்.

பெரும்பாலானவர்கள் படிக்காமல் வைப்பார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தரம் படித்தார். பேனையை மூடி என் பக்கம் வைத்தார்.

"நீங்கள் நல்லதுக்குத்தான் செய்யிறியள், விளங்குது. ஆனா அவர் இல்லாத ஆள் எண்டு நானே எழுதித் தரமாட்டன்."

அவருக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். மின்விசிறி சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் படிவத்தை மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன், குப்பைக் கூடையில் போட மனம் வராமல்.

சேரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கோப்பை விரித்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, "விதியை எழுதினது நாங்கள்தானே. நாங்களே மீறினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பினம்" என்றார்.

"மனுசியின்ரை சம்மதம் போதாதோ சேர்?"

"போதுமோ எண்டு சட்டப் பிரிவிட்டைக் கேப்பம்."

கோப்பு சட்ட ஆலோசனைக்குப் போனது. பதில் வரும்வரை மூன்று மாதத் தற்காலிகக் கடிதம் ஒன்று கொடுக்கலாம் என்று சேர் எழுதினார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு போனார். மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். பதில் வரவில்லை. புதுக் கடிதம் அடித்துக் கொடுத்தேன். இப்படியே தொடர்ந்தது. நானும் நினைவூட்டல் அனுப்பினேன். கோப்பு பரிசீலனையில் உள்ளது என்று ஒருமுறை வந்தது, அதற்குப் பிறகு அதுவும் வரவில்லை.

வரும்போதெல்லாம் அவர் அதே வரிசையில் நின்று, அதே பொலித்தீன் உறையிலிருந்து பழைய கடிதத்தை எடுத்துத் தருவார். ஒருநாள் என் காலைப் பார்த்து, ஏன் நொண்டுகிறீர்கள் என்று கேட்டார். ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் போய்விட்டது என்றேன். வீட்டில் வேலை முடிந்ததும் காலை உப்புத் தண்ணீரில் வைக்கச் சொன்னார். என் பிரிவுக்கு வருகிறவர்களில் என்னிடம் அப்படிக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

வானைச் சந்தைப் பக்கம் தூரத்தில் கண்டால் நான் மற்ற ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவேன். அந்த மனிதரின் சிரிப்பைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் தட்டச்சு செய்த வரிதான் நினைவுக்கு வரும்.

கடைசியாக வந்தபோது அவரிடம் பொலித்தீன் உறை இருந்தது, ஆனால் கடிதத்தை நீட்டவில்லை.

"ஸ்டிக்கரைக் கழட்டிப் போட்டம் பிள்ளை," என்றார். "வெயிலும் உப்புக்காத்தும். அவரின்ரை முகத்திலை வெடிப்பு விழுந்திட்டுது. அப்பிடி வைச்சுப் பாக்க ஏலாது. வான் இப்ப பழையபடி வெள்ளை."

"புதுசா ஒட்டேல்லையோ?"

"ஒட்டலாம். மீன் மட்டும் போடச் சொல்லி மகள் சொல்லுறாள். நான் இன்னும் யோசிக்கேல்லை. புத்தகத்திலை நிறத்தை மாத்தவும் திரும்ப அலைய வேணுமெல்லே."

"ஓம்," என்றேன். "முதல்லை அதை மாத்துங்கோ. இல்லாட்டி திரும்பவும் மறிப்பாங்கள்."

அவர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, போயிட்டு வாறன் என்று சொல்லிப் போனார்.

கோப்பை மூடுவதற்குக் காரணம் எழுத வேண்டும். காரணமில்லாமல் பதிவேட்டில் ஏற்றமாட்டார்கள். 'விளம்பரம் வெயிலில் பழுதடைந்ததால் விண்ணப்பதாரரே அகற்றிவிட்டார்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அது பொய்யில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். சுழலும் திரை ஒன்றுக்கு விண்ணப்பத்தோடு ஒரு பல்வைத்தியர் நின்றுகொண்டிருந்தார்.