இடி முழங்கிய பிறகும் பேசிய ரேடியோ: உடைமரத்துப்பட்டிக்கு ஒரு பயணம்

போன சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை கோவில்பட்டியிலிருந்து உடைமரத்துப்பட்டிக்குப் போய் வந்தேன். அங்கே ஒரு சின்ன ரேடியோ நிலையம் இருக்கிறது. சுற்றியுள்ள சில கிராமங்களுக்கு மட்டும் கேட்கும். நிலையம் தொடங்கிய காலத்தில் பக்கத்து ஊரில் குடியிருந்து, வாரா வாரம் அதில் பேசியவள் நான். இனி எத்தனை நாள் ஓடுமோ தெரியாது, பழைய ஆட்கள் எல்லாரும் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று அறிவிப்பாளர் செல்வி போன் செய்தாள். அழைப்பு வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் என்றாலும், எங்கள் பக்கத்தில் என் குரல் தெரியாத வீடு குறைவு.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் மதியம் மூன்றேகாலுக்கு எட்டயபுரம் பஸ் ஏறினேன். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ்ஸாக வந்தால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அன்று வந்தது வேறு பஸ், பதினெட்டு ரூபாய் கொடுத்தேன். ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாத வெயில். உழுது போட்ட காடுகள் இரண்டு பக்கமும் கறுத்துக் கிடந்தன. முந்தின நாள் கோடை மழை ஒரு பாட்டம் பெய்திருந்ததால் பள்ளமான இடங்களில் மட்டும் மண் பளபளத்தது.

எட்டயபுரத்தில் இறங்கும்போது மினி பஸ் போய்விட்டது. அடுத்தது ஐந்து மணிக்குத்தான். ஐந்தரைக்குள் நான் நிலையத்தில் இருக்க வேண்டும். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது கேட்டார் டிரைவர், இருநூற்றுக்கு வந்தார். எப்போதும்வென்றான் ஊருக்குப் போகிற திசையில் பத்துக் கிலோமீட்டர் போய் இடது பக்கம் பிரிய வேண்டும். அந்தப் பிரிவில் ஆட்டோவை நிறுத்திவிட்டார். மேற்கே மேகம் கட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"ஆச்சி, இங்கனயே இறங்கிக்கிடுங்க. உள்ள மண்ரோடு. கரிசல்ல ஈரம் பட்டா டயரு சுத்தாது."

"பேசுன ரூவா ஊருக்குள்ள விடுததுக்குலா?"

"அம்பதக் குறைச்சுக்கிடுங்க. வண்டி மாட்டுச்சுன்னா நீங்களா தள்ளுவீங்க?"

ஐம்பதைக் குறைத்து நூற்றைம்பதைக் கொடுத்தேன். நடந்தேன். ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் ஈர மண் செருப்பில் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு படி கனம் கூடியது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாதிவழியில் காற்று நின்று போனது. பறவைச் சத்தமும் இல்லை. அது நல்ல அடையாளம் அல்ல என்று தெரிந்து எட்டி நடந்தேன்.

நிலையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறை, பக்கத்தில் ஒரு இரும்புக் கோபுரம். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க உள்சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருப்பார்கள். தொடங்கின காலத்தில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பேசியது. பெண்கள் களை வெட்டிவிட்டு அப்படியே வந்து வரிசையில் நிற்போம், பேச. முதல் நாள் நான் கம்மங்கூழ் காய்ச்சுவது பற்றிப் பேசியபோது வெளியே கட்டியிருந்த ஆடு கத்தி, அதுவும் சேர்ந்து ரேடியோவில் போய்விட்டது. மறுநாள் கடையில் எல்லாரும் கேட்டார்கள், கூழ் யாருக்கு, ஆட்டுக்கா என்று. அன்றிலிருந்து நான் கம்மங்கூழ் ஆச்சி. காணாமல் போன ஆட்டுக்குக் காதில் என்ன வெட்டு அடையாளம், எந்த ஊரில் சாவு, கேதம், எந்தக் கிணற்றில் மோட்டார் திருடு போனது, எல்லாம் அந்த ரேடியோதான் சொல்லும். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. வெளியிலிருந்து வந்த உதவியும் நின்றது. வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், இப்போது செல்வியும், மிஷின் பார்க்கிற ஐயாத்துரையும் மட்டும். மாலையில் இரண்டு மணி நேரம்.

அதில் ஒன்றை மட்டும் இன்றும் ஆட்டுக்காரர்கள் விடாமல் கேட்கிறார்கள். ஐந்தரை மணிக் கிடை அறிவிப்பு. விதைப்புக்கு முன்னால் உரத்துக்காக நிலத்தில் இராத்தங்க விடுகிற ஆட்டு மந்தைதான் கிடை. யாருடைய கிடை இன்று எந்தக் காட்டில், அடுத்து யார் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று செல்வி வாசிப்பாள். காட்டில் டவர் எடுக்காத இடத்திலும் தோளில் தொங்குகிற சின்ன ரேடியோவில் அது கேட்கும்.

நான் உள்ளே போனபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. செல்வியும் ஐயாத்துரையும் என்னை வாங்க என்றார்களே தவிர, முகம் மேகம் ஏறுகிற பக்கமே இருந்தது. தூரத்தில் முதல் இடி உருண்டது. ஐயாத்துரை எழுந்துபோய் கோபுரத்திலிருந்து வருகிற வயரில் கை வைத்தார். இடி முழங்கினால் உடனே வயரைக் கழற்ற வேண்டும். அது அந்த நிலையத்தின் சட்டம். முன்பு ஒரு தடவை கழற்றாமல் விட்டு மின்னல் இறங்கி ஒலிபரப்பு மிஷின் கருகிவிட்டது. இனி ஒருமுறை அப்படி ஆனால் மூட வேண்டியதுதான் என்று நடத்துகிறவர்கள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க," என்றாள் செல்வி. "மாடசாமி அண்ணன் கிடை இன்னைக்குக் கீழக்காட்டுல."

கீழக்காடு எனக்குத் தெரியும். கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி. நடுவில் ஒற்றைப் பனை. ஓரத்தில் கிணற்றடியில் ஒரு மோட்டார் ரூம் உண்டு, ஆனால் மழை வந்தால் ஒதுங்க முதலில் அந்தப் பனைதான் கண்ணில் படும். மாடசாமியையும் அவன் பெண்டாட்டி பேச்சியையும் எனக்கு நெடுநாளாகத் தெரியும். எங்கள் காட்டிலும் கிடை போட்டிருக்கிறார்கள். ஆட்டுக்காரன் துரட்டியைக் கீழே போடமாட்டான். நீளக் கம்பு, நுனியில் இரும்பு அரிவாள். இடி இடிக்கும்போது இரும்பு பக்கத்தில் இருந்தால் இடி அண்டாது என்று அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நானும் ஒரு காலத்தில் இடிச்சத்தம் கேட்டால் வாசலில் கடப்பாரையைப் போட்டவள்தான். இதே ரேடியோவில் ஒரு டாக்டர் வந்து பேசிய பிறகுதான் விட்டேன்.

செல்வி மாடசாமிக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். பேச்சிக்குப் போட்டாள். போகவே இல்லை. அடுத்த இடி கொஞ்சம் கிட்டத்தில் விழுந்தது. ட்யூப் லைட் ஒரு தடவை கண் சிமிட்டியது.

"கழத்துதேன்," என்றார் ஐயாத்துரை.

"அவிய இப்பம் ரேடியோவத் திறந்து வச்சிருப்பாக," என்றாள் செல்வி. "அறிவிப்புக்குக் காத்துக்கிட்டு."

"எனக்குத் தெரியாதாட்டி? எரிஞ்சா எரிஞ்சதுதான். பெறகு எந்த இடிக்கும் யாருக்கும் சொல்ல முடியாது. யோசிச்சுப் பாருங்க ஆச்சி."

அவர் சொன்னது பொய்யில்லை. இந்தக் கோடை முழுக்க இன்னும் எத்தனையோ மழை இருக்கிறது, எத்தனையோ கிடை இருக்கிறது.

"அடுத்த இடிக்கு மாடசாமி இருக்கணும்லா," என்றேன்.

ஐயாத்துரை என்னைப் பார்க்கவில்லை. வயரிலிருந்து கையை எடுத்துவிட்டு, "சுருக்காச் சொல்லுங்க," என்றார். அப்போது ஐந்தரை ஆகவில்லை.

செல்வி மைக்கைத் திறந்து, கீழக்காட்டில் கிடை போட்டிருப்பவர்கள் உடனே பனையை விட்டு விலகி மோட்டார் ரூமுக்குள் போகவேண்டும் என்று நல்ல தமிழில் வாசித்தாள். நான் மைக்கை என் பக்கம் இழுத்தேன். மாடசாமி நல்ல தமிழுக்குக் கட்டுப்படுகிற ஆள் இல்லை.

"ஏலே மாடசாமி, கம்மங்கூழ் ஆச்சி பேசுதேன். பனையடிய விட்டு வெளிய வா. துரட்டியக் கீழ போடு. போட்டியா? போட்டிருக்க மாட்ட. ஏட்டி பேச்சி, அவன் சொன்னாக் கேக்க மாட்டான், நீ பிடுங்கித் தூர வீசு. ஆடு நனைஞ்சாக் காஞ்சுக்கிடும். மோட்டார் ரூமுக்குப் போங்க. போயி உள்ள குத்தவச்சு உக்காந்து..."

அறை முழுக்க வெள்ளையாக ஒரு வெளிச்சம். வெடிச் சத்தம் காதில் அடங்குவதற்கு முன்னாலேயே ரப்பர் கருகுகிற வாடை வந்துவிட்டது. மைக்கில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு இல்லை. மழை கூரையில் கொட்டியது. ஐயாத்துரை மிஷினுக்கு முன்னால் போய் நின்றார். தொடவில்லை. செல்வி இருட்டில் திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கேட்டார்களா என்று தெரியாது. ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு அது ஒருநாளும் தெரியாது. ஆனால் அன்றைக்கு மாதிரி அது என்னை உறுத்தியதே இல்லை. மழை விட்டால் கீழக்காட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று செல்வி எழுந்தபோது வாசலில் யாரோ காலில் அப்பின மண்ணைப் படியில் தேய்க்கிற சத்தம்.

மாடசாமி. தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட நின்றான். கையில் துரட்டி இல்லை. பேச்சி எங்கே என்று கேட்டேன்.

"ஆட்டுக்கிட்ட நிக்கா. நாலு ஆடு போச்சு ஆச்சி. பனை உச்சில இருந்து நெடுக்கக் கீறிப்போய் நிக்கி." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "துரட்டிய உங்க பேச்சக் கேட்டு அவதான் பிடுங்கி எறிஞ்சா. சண்ட போட்டுக்கிட்டே மோட்டார் ரூமுக்குள்ள போனோம்."

முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டான். "ஆமா, பாதியில நிறுத்திட்டீங்களே. குத்தவச்சு உக்காந்து, பெறகு என்ன செய்யச் சொன்னீங்க?"

"கூழு குடிக்கச் சொன்னாக," என்றார் ஐயாத்துரை, மிஷினைப் பார்த்தபடியே. செல்வி சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

அன்று செல்வி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை ஏழரை மினி பஸ்ஸில் எட்டயபுரம் வந்தேன். அது பிரிவு ரோட்டில்தான் நிற்கும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. சித்திரை, வைகாசியில் போவதாக இருந்தால் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். மேற்கே மேகம் ஏறினால் வெட்டவெளியில் நிற்காதீர்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள், குடைக்கம்பியையும் தூக்கிப் பிடிக்காதீர்கள். ஆட்டோவை ஊருக்குள் வரை பேசிக்கொள்ளுங்கள், மழை பெய்திருந்தால் பிரிவிலேயே இறங்கத் தயாராக இருங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

சின்ன ரேடியோ கொண்டுபோக வேண்டாம். அங்கே இப்போது ஒன்றும் கேட்காது. ஆனால் நிலையத்தின் கதவு திறந்திருக்கும். மாலை ஐந்தரைக்குச் செல்வி கிடை விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுகிறாள். ஆட்டுக்காரர்கள் நடந்து வந்து, படிக்கத் தெரிந்த யாரையாவது நிறுத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தால் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். ஐயாத்துரை மிஷின் மூடியைத் திறந்து கருகின இடத்தைக் காட்டுவார். அதைப் பார்த்து உச்சுக் கொட்டாதீர்கள். அவருக்குப் பிடிக்காது.